ஆற்றங்கரை ஆய்வு நிலையம்: கட்டடமா, கன்டெய்னரா, டிரெய்லரா?

டர்பனில் ஆறு பற்றிப் பேசும் கூட்டங்களில் ஓர் ஆசை அடிக்கடி தலைகாட்டும். கரையோரத்தில் நமக்கென்று ஒரு சூழலியல் கள நிலையம் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வந்து நீர்ப்பூச்சி பார்க்க வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரந்தோறும் அளவு குறிக்க வேண்டும். ஆசையில் குறையில்லை. பணம் வரும் என்று தெரிந்ததும் எல்லோர் கண்ணும் கட்டடத்தின் மேல் போய் நிற்கிறதே, அதுதான் கவலை. வரைபடம் போடுகிறார்கள், கல்வெட்டில் யார் பெயர் முதலில் வரும் என்று பேசுகிறார்கள். கருவிப் பட்டியலோ கடைசிப் பக்கத்தில் நாலு வரியில் முடிந்துவிடுகிறது. என் கட்சி வேறு. உம்கேனி போன்ற ஆற்றுக்கு, அறை மேட்டில் இருக்கட்டும், அதுவும் ஏற்கெனவே நிற்கும் ஏதோ ஒரு கூரையின் கீழ். கரைக்கு இறங்குவதெல்லாம் அன்றன்றே மேலேறிவிட வேண்டும்.

இடத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் இடம் முடிவானால் பாதிக் கருவிகள் தாமே முடிவாகிவிடும். உம்கேனி 232 கிலோமீட்டர் ஓடி, மிட்மார், ஆல்பர்ட் ஃபால்ஸ், நேகல், இனாண்டா என்று நான்கு பெரிய அணைகளைத் தாண்டி டர்பனில் கடலைச் சேர்கிறது. நிலையம் என்றவுடன் பலர் சொல்லும் இடம் கழிமுகம்தான். புளூ லகூன் பக்கம் வண்டி நிறுத்த இடம் உண்டு. எதிரே பீச்வுட் அலையாத்திக் காடு. பறவை பார்க்க வருகிறவர்களும் தூண்டில் போடுகிறவர்களும் எப்போதும் இருப்பார்கள். இன்னொரு யோசனை பால்மியட். பைன்டவுன் பக்கத்துத் தொழிற்பேட்டைகளைத் தொட்டுவிட்டு, வெஸ்ட்வில்லின் பள்ளத்தாக்குக் காட்டில் பாறைமேல் குதித்து, ரிசர்வாயர் ஹில்ஸ் அடிவாரம் வழியாக வந்து உம்கேனியில் கலக்கும் சிறிய கிளையாறு அது. அழகுப் போட்டி வைத்தால் கழிமுகம் ஜெயிக்கும். ஆய்வுக்கு நான் பால்மியட்டைத்தான் சொல்வேன்.

காரணம் மினிசாஸ். தென்னாப்பிரிக்க ஆற்று ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ‘சாஸ் 5’ என்ற உயிரியல் மதிப்பீட்டு முறையைச் சாதாரண மக்களுக்கு ஏற்றபடி சுருக்கி, இந்தக் குவாசுலு-நட்டால் மாகாணத்திலேயே உருவாக்கிய முறை இது. கல்லடியிலும் நீர்ச்செடியிலும் வலை வைத்துப் பிடிக்கும் சிற்றுயிர்களை 13 கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கொடுத்து, சராசரி எடுக்க வேண்டும். சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த நீரில் மட்டும் வாழும் கல் ஈயின் இளவுயிரிக்கு 17. எந்தச் சாக்கடையிலும் பிழைக்கும் புழுவுக்கும் அட்டைக்கும் 2. பத்து வயதுப் பிள்ளைகூட ஒரு காலையில் கற்றுக்கொள்ளும். ஆனால் இது ஓடும் நன்னீருக்கு உரிய முறை. அலை ஏறியிறங்கும் கழிமுகத்திலோ அணையிலோ சதுப்பிலோ செல்லாது. கழிமுகத்தில் நிலையம் வைத்தால் இருப்பதிலேயே மலிவான, நம்பகமான கருவியை முதல் நாளே இழந்துவிடுகிறோம். அதோடு விடாது. கடல் ஓதம் ஏறும்போது கனத்த உப்புநீர் அடியில் நுழைய, ஆற்றுநீர் மேலே மிதக்கும். மேல்மட்டத்தில் ஒன்று, அடிமட்டத்தில் ஒன்று என இரண்டு மாதிரி எடுக்க வேண்டும், படகு வேண்டும், ஓத நேரத்தைக் குறிக்காத அளவு எதற்கும் உதவாது.

பால்மியட்டில் கல் உண்டு, ஓட்டம் உண்டு, கேள்விகளுக்கும் பஞ்சமில்லை: தொழிற்சாலைக் கழிவு, உடைந்த சாக்கடைக் குழாய், குவாரி சாலையோரக் குடிசைப் பகுதியின் குப்பை, பள்ளத்தாக்கின் ஓரளவு கெடாத காடு, எல்லாம் ஒரே சிற்றாற்றில். ரிசர்வாயர் ஹில்ஸ், கிளேர் எஸ்டேட் வீடுகளிலிருந்து விடியலில் இறங்கி வரலாம் என்பது இன்னொரு லாபம். அது எவ்வளவு பெரிய லாபம் என்பதை ஆக்சிஜன் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். கறுப்பு மாம்பா என்ற நச்சுப்பாம்பும் அந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. அதனால் கழிமுகத்துக்கு ஓட வேண்டியதில்லை. நீளக் காற்சட்டையும் கணுக்கால் மூடும் காலணியும் வேண்டும், தனியாகப் போகவும் கூடாது.

இனி வெள்ளம். இந்த ஊர்த் தமிழர்களுக்கு ஆற்றுவெள்ளம் பற்றி வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடிந்து கரும்புத் தோட்டத்தைவிட்டு வந்த குடும்பங்கள் காய்கறி போடப் பிடித்தது, வேறு யாரும் விரும்பாத ஆற்றோரத் தாழ்நிலத்தை. உம்பிலோ ஆற்றங்கரையில் எழுப்பிய கோயிலை 1905 வெள்ளம் கொண்டுபோயிற்று. கேட்டோ மேனரில் இன்று இருக்கும் அம்பலவாணர் ஆலயம் அதற்குப் பிறகு வந்தது. 1917 அக்டோபரில் உம்கேனி பெருகியபோது, ‘படவாட்டன் அறுவர்’ என்று டர்பன் இன்றும் நினைவில் வைத்திருக்கும் மீனவர்கள் படகில் போய் 176 பேரை மீட்டார்கள். 1976-இல் ஸ்பிரிங்ஃபீல்டின் தகரக் குடியிருப்பு மூழ்கி, அங்கிருந்தவர்கள் ஃபீனிக்ஸுக்குப் போனார்கள். 1987 செப்டம்பரில் மறுபடி பெருவெள்ளம் வந்தது. 2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டி, மாகாணத்தில் 430-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். இத்தனைக்குப் பிறகும் ‘கரையிலேயே செங்கல் கட்டடம்’ என்று ஒருவர் சொன்னால் அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்கத் தோன்றுகிறது.

சட்டமும் அதே பக்கம்தான். 1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி ஆற்றின் ஓட்டத்தைத் தடுப்பதும் கரையையோ படுகையையோ மாற்றுவதும் அனுமதி தேவைப்படும் நீர்ப் பயன்பாடுகள். நூறாண்டு வெள்ளக் கோட்டுக்குள்ளோ (நூறாண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கும் வெள்ளம் எட்டும் எல்லை) கரையோரத் தாவரப் பரப்புக்குள்ளோ கட்டினால் அந்த விதி பாயும். எல்லை வரையறுக்கப்படாத இடத்தில் கரையிலிருந்து 100 மீட்டர் வரை பாயும். விண்ணப்பம், ஆலோசகர் கட்டணம், காத்திருப்பு எல்லாம் கூடினால் கட்டடத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கணிசமான பங்கு கடிதப் போக்குவரத்திலேயே கரையும்.

கட்டடம் வேண்டாம் என்றதும் அடுத்த பேச்சு கன்டெய்னர். துறைமுக நகரம் அல்லவா, 20 அடிப் பெட்டி பழையதாக எளிதில் கிடைக்கும்; லாரியில் கொண்டுவந்து இறக்கிவிடலாம்; இரும்புக் கதவுக்குப் பெரிய பூட்டு. திருட்டுப் பயம் உள்ள ஊரில் இது பெரிய ஈர்ப்பு என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பெட்டியின் அடிப்பரப்பு ஏறத்தாழ 14.8 சதுர மீட்டர். வெறும் எடை 2,200 கிலோவை ஒட்டி இருக்கும். நீர் புகாத பெட்டி என்றால், அடித்தளத்துக்கு மேல் 15 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறியதும் மிதக்கத் தொடங்கும். மேசை, அலமாரி, தொட்டி என்று இன்னொரு டன் ஏற்றினாலும் 22 சென்டிமீட்டர்தான், ஒரு சாண். 2022-இல் டர்பனின் தெற்கே கன்டெய்னர்கள் வெள்ளத்தில் மிதந்து நெடுஞ்சாலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த படத்தை உலகமே பார்த்தது. ஜன்னல் வெட்டிய பெட்டி மிதக்காது என்பார்கள். சரி, மிதக்காது, சேற்றால் நிரம்பும். கான்கிரீட் மேடை போட்டு நான்கு மூலையிலும் நங்கூரம் இட்டால் தாங்கும். அப்படிச் செய்தால் அது மறுபடி கட்டடம். மறுபடி அந்த 21-ஆம் பிரிவு.

மேட்டில், வெள்ளக் கோட்டுக்கு வெளியே கன்டெய்னர் வைத்தால்? அப்போது எதிரி வெயிலும் ஈரமும். பிப்ரவரிப் பகலில் உள்ளே நிற்க முடியாது. இரவில் உட்கூரையில் வேர்த்து மேசைமேல் சொட்டும். நுண்ணோக்கியின் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். உட்புறம் காப்புப் பலகை அடித்தால் குறைகிறது, ஆனால் ஏற்கெனவே இரண்டரை மீட்டருக்கும் குறைந்த அகலம் இன்னும் ஒடுங்கும். கிடங்காக வைத்துக்கொள்ளலாம். இருபது பிள்ளைகளை உள்ளே உட்காரவைக்க நினைக்க வேண்டாம்.

மூன்றாவது வழி, டிரெய்லரும் மேட்டில் ஓர் இரவல் அறையும். மொத்த எடை 750 கிலோவுக்குள் இருக்கும் டிரெய்லரைச் சாதாரண பி வகை உரிமம் உள்ளவரே தன் காரிலோ பக்கி என்ற சிறு சரக்கு வண்டியிலோ இழுக்கலாம். தனி உரிமம் தேவையில்லை. அதற்குள் மடக்கு மேசைகள், நிழல் பந்தல், வெள்ளைத் தட்டுகள், வலைகள், குளிர்பெட்டி, கைகழுவ ஒரு தொட்டித் தண்ணீர், முதலுதவிப் பெட்டி அடங்கும். வானம் கறுத்தால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். இன்னொரு நன்மையையும் சொல்ல வேண்டும்: இன்று பால்மியட், அடுத்த வாரம் சாட்ஸ்வொர்த் பக்கம் உம்லாட்டுசானா, பிறகு இசிப்பிங்கோ என்று அதே தளவாடம் ஊர் சுற்றும். ஓர் இடத்து அளவை வேறோர் ஆற்றோடு ஒப்பிடாமல் ‘நம் ஆறு கெட்டுவிட்டது’ என்று சொல்வதில் பொருள் இல்லை; கட்டடத்துக்குக் கால் கிடையாது.

இரவல் அறை எங்கே? கோயில் மண்டபம் கிடைக்கும் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நான் தயங்குவேன். பூச்சிகளை 70 விழுக்காட்டுக்குக் குறையாத எத்தனாலில், அதாவது ஆல்கஹாலில், போட்டுப் பாதுகாக்க வேண்டும். சாக்கடை கலந்த நீரைத் தட்டில் ஊற்ற வேண்டும். மதுவும் உயிர்க்கொலையும் மலநீரும் ஒரே அலமாரியில் இருக்கும் அறையைச் சன்னிதிக்குப் பக்கத்தில் வைத்தால் கமிட்டியில் உள்ள பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? போதாக்குறைக்குச் சனிக்கிழமை கல்யாணம். பள்ளிக்கூடத்தின் பயன்படாத பொருளறை மேல். தொட்டியுடன் குழாய், பூட்டு, ஒரு குளிர்பதனப் பெட்டி, காற்றோட்டமான மூலையில் எத்தனாலுக்கு இரும்பு அலமாரி, இவ்வளவு போதும். பள்ளி விடுமுறையில் சாவி யாரிடம் என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023-இல் லோட் ஷெடிங்கோடு வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்: குளிர்பதனப் பெட்டியும், கிருமி வளர்த்துப் பார்க்கும் இளஞ்சூட்டுப் பெட்டியான இன்குபேட்டரும் தொடர்ந்து ஓட வேண்டும், மற்றதெல்லாம் காத்திருக்கும். அந்த இரண்டுக்கும் அளவான ஒரு லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்குங்கள். சோலார் பலகையைப் பள்ளிக் கூரையில் வையுங்கள். ஆற்றங்கரையில் வைத்தால் அது யாருடையதாக மாறும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கருவிகளில்தான் உண்மையான சண்டை. ஒரு பக்கம், கம்பு வைத்த சதுர வலை, வெள்ளைத் தட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி, அடையாள அட்டை. மறுபக்கம், வெப்பம், அமிலத்தன்மை, மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் எல்லாவற்றையும் ஒரே குச்சியில் அளக்கும் பல்லளவி. நல்லது ஒன்று வாங்கும் பணத்தில் ஓடும் நிலையிலுள்ள பழைய கார் வாங்கலாம். நன்கொடை தருகிறவர்களுக்குப் பின்னதுதான் பிடிக்கும், படத்தில் நன்றாக விழும். ஆனால் அளவி சொல்வது அந்த நிமிடத்து நீரைப் பற்றி. நேற்றிரவு யாரோ தொழிற்சாலைத் தொட்டியைத் திறந்துவிட்டிருந்தால், காலை பத்து மணி அளவி அதைக் காணாது, நீர் போய்விட்டது. கல்லடியில் வாழும் பூச்சி அங்கேயேதான் இருந்தது, அல்லது செத்துப்போனது. சில வாரங்களின் வரலாறு அதன் இருப்பிலும் இல்லாமையிலும் பதிவாகியிருக்கும். ஆகவே வலை முதலில்.

அளவிகளை வேண்டாம் என்று சொல்லவில்லை; தனித்தனியாக வாங்குங்கள் என்கிறேன். பல்லளவியில் ஓர் உணரி கெட்டால் முழுக் கருவியும் பழுதுபார்க்கப் போகும். கையடக்க மின்கடத்துத்திறன் அளவி மலிவு, நீண்ட காலம் உழைக்கும், சாக்கடைக் கசிவைப் பல நேரம் அதுவே காட்டிக்கொடுக்கும். தென்னாப்பிரிக்க அறிக்கைகள் மீட்டருக்கு மில்லிசீமென்ஸ் என்ற அலகில் எழுதும். வெளிநாட்டுக் கருவி பெரும்பாலும் சென்டிமீட்டருக்கு மைக்ரோசீமென்ஸ் காட்டும். முன்னதன் 1 பின்னதன் 10 என்று மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். கலங்கலுக்கு மின்னணுக் கருவி வேண்டாம்: ஒரு மீட்டர் நீளமுள்ள தெளிவுக் குழாயில் ஆற்றுநீரை நிரப்பி, உள்ளே கறுப்பு வட்டு கண்ணுக்கு மறையும் தூரத்தைப் படித்தால் போதும். பேட்டரி கேட்காது, திருடத் தோன்றாது. அமிலத்தன்மை அளவி வாங்கினால் 4, 7, 10 என்ற திருத்தக் கரைசல்களையும் ஆண்டுதோறும் வாங்க வேண்டும்; மின்முனையை உலரவிட்டால் அதோடு முடிந்தது. யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுத கதை ஆய்வுக்கூட அலமாரிகளில் எத்தனையோ கிடக்கிறது.

கரைந்த ஆக்சிஜனில் மட்டும் நான் செலவுக்கு அஞ்சமாட்டேன். மூன்று வழிகள் உள்ளன. 1888-இல் விங்க்ளர் கண்ட வேதிமுறை மிகத் துல்லியமானது. ஆனால் காரமும் அடர் கந்தக அமிலமும், இன்று வழக்கமாகச் சேர்க்கும் நச்சு அசைடும் பிள்ளைகள் நடுவே வைக்கத்தக்கவை அல்ல, கழிவை ஆற்றிலும் ஊற்ற முடியாது. சவ்வு உணரி விலை குறைவு. ஆனால் அளக்கும்போதே ஆக்சிஜனைத் தின்னும், அதனால் நீரில் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், சவ்வும் கரைசலும் மாற்ற வேண்டும். ஒளி உணரி விலை கூட. அசைக்க வேண்டாம், அதன் மூடியைக் குறித்த காலத்தில் மாற்றினால் போதும். தன்னார்வலர் கைமாறிப் புழங்கும் கருவிக்கு ஒளி உணரிதான் சரி.

ஆனால் எந்தக் கருவியானாலும் எப்போது அளக்கிறோம் என்பதே பெரிது. பாசியும் நீர்ச்செடியும் பகலில் ஆக்சிஜனைக் கொட்டும், இரவெல்லாம் உண்ணும். விடியலுக்குச் சற்று முன்தான் நீர் மிக வறண்ட மூச்சு விடும். 25 டிகிரியில் நன்னீர் நிறைகொள்ளும் ஆக்சிஜன் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் அளவு. நண்பகலில் அதற்கு மேலே காட்டிய குட்டை, அதே நாள் விடியலில் மீன் சாகும் அளவுக்கு இறங்கியிருக்கலாம். பள்ளி வண்டி பத்து மணிக்கு வந்து அளந்து ‘ஆறு நலமாக இருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போகும். இதற்காகத்தான் நடந்து வரும் தூரத்தில் ஆள் உள்ள இடத்தைச் சொன்னேன். ஆள் இல்லையென்றால் இரவெல்லாம் தானே பதியும் கருவி வேண்டும். அதைக் கரையில் விட்டுவைத்து மறுநாள் காண்பது டர்பனில் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

மலக் கிருமி அளவு பற்றித்தான் மக்கள் முதலில் கேட்பார்கள். உம்கேனியில் வந்து முடியும் டூசி படகுப் போட்டிக்காரர்களின் வயிற்றுப்போக்கே இந்த ஆற்றமைப்பின் பழைய விளம்பரம். அரசு வழிகாட்டியின்படி முழு உடலும் நனையும் நீர் விளையாட்டுக்கு 100 மில்லிலிட்டரில் ஈ. கோலி என்ற மலக் கிருமி 130 வரை ஏற்கலாம். இங்கே இரண்டு தேர்வுகள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் நம்பத்தக்க எண் வரும், ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் கட்டணம்; பனிக்கட்டியில் வைத்து சில மணி நேரத்தில் கொண்டுசேர்க்க வேண்டும். நாமே செய்தால், ஒரு மில்லிலிட்டர் நீரை ஊற்றி 35 டிகிரியில் ஓரிரு நாள் வைக்கும், கிருமி வளர உணவு பூசிய உலர் ஊடகத் தகடு. இதன் வரம்பைப் புரிந்துகொள்ள வேண்டும்: தகட்டில் ஒரே ஒரு புள்ளி தோன்றினால் அது 100-க்குச் சமம், இரண்டு என்றால் 200. 130 என்ற கோட்டைப் பிரித்துச் சொல்ல அதால் முடியாது. கடற்கரையில் குளிக்கலாமா என்ற கேள்விக்கு இது உதவாது. உடைந்த சாக்கடைக் குழாய்க்கு மேலும் கீழும் எடுத்து, மேலே மூன்று புள்ளி, கீழே எண்ண முடியாத கூட்டம் என்று மாநகராட்சிக்குப் படம் அனுப்ப இதைவிடச் சிறந்தது இல்லை. பால்மியட்டில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் இந்த இரண்டாவது. முடிந்த தகடுகளைப் பிரஷர் குக்கரில் அவித்த பிறகே எறிய வேண்டும். அந்தக் குக்கர் எந்தக் காரணத்தாலும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது என்பதைச் சிவப்பு வண்ணத்தில் எழுதிவையுங்கள். நம் வீடுகளில் நல்ல குக்கர் சும்மா இருப்பதை யாரும் பொறுக்கமாட்டார்கள்.

நுண்ணோக்கியில், ஆயிரம் மடங்கு பெருக்கும் கூட்டு நுண்ணோக்கியைவிட, இரு கண்ணால் பார்க்கும் 10 முதல் 40 மடங்கு வரையிலான ஸ்டீரியோ வகைதான் இங்கே தேவை. நீர்ப்பூச்சியின் செவுள் வயிற்றோரத்தில் இருக்கிறதா, வால்நுனியில் இருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

படகு வேண்டாம். பால்மியட்டில் அதற்கு வேலையே இல்லை. மார்பளவு ரப்பர் உடையும் வேண்டாம்: வழுக்கி விழுந்தால் நீர் புகுந்து எழுந்து நிற்கவிடாது. முழங்கால் வரை பூட்ஸ், அந்த ஆழத்துக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது. மாகாணத்து ஆறுகளில் பில்ஹார்சியா உண்டு. நத்தையிலிருந்து வெளிப்படும் அதன் இளவுயிரி தோல் வழியாகவே நுழையும், வெயில் ஏறிய நேரத்தில் அதிகமாக. விடியல் வேலைக்கு இதுவும் ஒரு காரணம். நீண்ட ரப்பர் கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி இல்லாமல் எந்தப் பள்ளி வகுப்பையும் கூப்பிடாதீர்கள்.

அப்படியென்றால் கட்டுமானத்துக்கு ஒரு ராண்டும் இல்லையா என்றால், உண்டு. பள்ளி அறையின் வெளியே ஒரு ஜோஜோ பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, நான்கு குழாய், சோப்பு, பிள்ளைகளுக்கு இரண்டு கழிப்பறை. சாக்கடை கலந்த ஆற்றில் கைவிட்ட முப்பது பிள்ளைகள் கைகழுவ இடமில்லாமல் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தால், பெற்றோர் அடுத்த முறை அனுப்பமாட்டார்கள், அனுப்பாதது சரியும்கூட. கரையில் ஒரே ஒரு நிரந்தரப் பொருளுக்குச் சம்மதிப்பேன்: ஏற்கெனவே உள்ள பாலத் தூணில், மாநகராட்சி அனுமதியோடு, சென்டிமீட்டர் கோடு போட்ட நீர்மட்ட அளவுகோல். 2022-இல் குவாரி சாலைக் குடியிருப்பில் வாட்ஸ்அப் வழியே பரவிய எச்சரிக்கை உயிர்களைக் காத்தது. மழைநாளில் மேலே உள்ள ஒருவர் அந்தக் கோட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக் கீழே அனுப்ப முடியும் என்றால், நிலையத்தின் மற்ற எல்லாக் கருவிகளையும்விட அதற்கு வாசகர் அதிகம் இருப்பார்கள்.

இதற்கு மேலும் பணம் மிஞ்சினால், ஒளி உணரிக்கு உபரி மூடி ஒன்று. பிறகு, சாவி வைத்திருந்து, கரைசல் தீர்ந்ததா என்று பார்த்து, விடியலில் இறங்கிப் போகும் குவாரி சாலை இளைஞர் ஒருவருக்கு மாதச் சம்பளம். கல்வெட்டை அவர் சம்பளத்துக்குப் பிறகு பேசலாம்.